சென்சரை மாற்றியும் அணையாத எஞ்சின் விளக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான் பீடோர் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. என் கார் 2009-இல் வாங்கியது, உள்நாட்டுத் தயாரிப்பு. மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிந்ததால் வொர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஸ்கேன் செய்து, பி0135 என்ற கோளாறு எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்து, ஆக்சிஜன் சென்சரை மாற்றி 380 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார்கள். ஒரே வாரத்தில் விளக்கு மறுபடி வந்துவிட்டது, அதே எண்தான். இப்போது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்கிறார்கள். கார் நன்றாகத்தான் ஓடுகிறது, பெட்ரோல் மட்டும் கொஞ்சம் கூட இழுக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம் டீச்சர். கன்வெர்ட்டர் என்பது புகைக் குழாயில் நச்சுப் புகையைச் சுத்தப்படுத்தும் சாமான், இப்போதைக்கு அதற்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்றால் வழக்கமாக வரும் எண் பி0420. உங்கள் தாளில் இருப்பது அது இல்லை.

பி0135 என்பது முன்பக்கத்து (கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும்) ஆக்சிஜன் சென்சரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று சொல்லும் எண். புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று இந்த சென்சர் காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், அதை வைத்துத்தான் அது பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். இந்த சென்சர் ஏறக்குறைய 300 டிகிரி சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும், அதனால் புகைக் குழாயின் சூடு ஏறும்வரை காத்திராமல் சீக்கிரம் சூடாக்க உள்ளேயே ஒரு சின்ன ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். அந்த ஹீட்டருக்குக் கரண்ட் வராவிட்டால் சென்சர் விழித்துக்கொள்ளத் தாமதமாகும், அதுவரை கம்ப்யூட்டர் குத்துமதிப்பாகப் பெட்ரோலை ஊற்றும். வீட்டிலிருந்து பள்ளிக்குக் கொஞ்ச தூரம்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் பாதி வழி இப்படியே போய்விடும். பெட்ரோல் கூட இழுப்பதும், மற்றபடி கார் நன்றாக ஓடுவதும் இதனால்தான் இருக்கும்.

சர்க்யூட் என்றால் சென்சர் மட்டும் இல்லை. ஃபியூஸ், அங்கிருந்து வரும் வயர், பிளக், அப்புறம் கம்ப்யூட்டர் வரை போகும் வயர், எல்லாமே அதில் சேர்த்தி. அந்த எண் எந்த இடத்தில் தேட வேண்டும் என்றுதான் சொல்கிறது, எந்தச் சாமானை வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. புது சென்சர் போட்டும் அதே எண் திரும்பி வருகிறது என்றால், அதில் பழுதில்லாத வரையில், கோளாறு வயரிலோ ஃபியூசிலோ இருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். (அவர்கள் மாற்றியது முன் சென்சரா பின் சென்சரா என்றும் கேட்டுவிடுங்கள். பின் சென்சரின் ஹீட்டருக்கு வேறு எண், பி0141. இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுகிற ஆள்கள் இருக்கிறார்கள்.)

நீங்கள் தோட்டத்தில் இருப்பவர் என்பதால் எனக்கு முதலில் தோன்றுவது எலி. செம்பனைத் தோட்டத்தில் எலித் தொல்லை எப்படி என்று உங்களுக்கே தெரியும், அதைப் பிடிக்கத்தானே கூகைக்குப் பெட்டி கட்டிவைக்கிறார்கள். வீட்டோரம் நிறுத்திய காரின் பானெட்டுக்குள் எஞ்சின் சூட்டுக்கு எலி வந்து படுக்கும், வயரைக் கடிக்கும். பானெட்டைத் திறந்து பேட்டரி ஓரத்திலும் எஞ்சினுக்குப் பின்னாலும் டார்ச் அடித்துப் பாருங்கள். புழுக்கை, காய்ந்த புல், கொறித்த செம்பனைப் பழத்தின் நார் இதில் ஏதாவது கிடந்தால் ஆள் வந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

மெக்கானிக்கிடம் இதைக் கேளுங்கள். முதலில் ஃபியூஸ். ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி சாமான்தான் அது. புது ஃபியூஸ் போட்டதும் அதுவும் எரிந்துபோனால், பெரும்பாலும் வயர் எங்கேயோ புகைக் குழாயில் பட்டு மேல்தோல் உருகி ஷார்ட் ஆகிறது. ஃபியூஸ் நன்றாக இருந்தால் சென்சர் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். சென்சரில் நான்கு வயர் இருக்கும், அதில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும்தான் பெரும்பாலும் ஹீட்டருக்கு உரியவை. அந்த இரண்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் (கரண்ட் அளக்கும் கருவி) வைத்தால் சில ஓம்ஸ் மின்தடை காட்ட வேண்டும், ஒன்றுமே காட்டாவிட்டால் புது சென்சரே பழுது, ரசீதோடு போய் மாற்றிக் கேளுங்கள். ஓம்ஸ் சரியாக இருந்தால் எஞ்சினை ஓடவிட்டு, காரின் பக்கத்துப் பிளக்கில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் வயரைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனால் அறுந்த இடம் கிடைத்துவிடும். வோல்ட்டும் வந்தால் மிச்சம் இருப்பது கம்ப்யூட்டருக்குப் போகும் வயர்.

மீட்டர் இருந்தால் கொஞ்ச நேர வேலைதான் இது. அதைச் செய்யாமல் சாமான் சாமானாக மாற்றிப் பார்த்து, மாதச் சம்பளத்தில் காலம் தள்ளுகிறவர்களிடம் பணம் வாங்குவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அளந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் தாப்பாவிலோ தெலுக் இந்தானிலோ வேறு கடை பாருங்கள்.

கேள்வி: மழை பெய்தால் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது, கார் உதறுகிறது. வெயில் வந்ததும் சரியாகிவிடுகிறது. ஓட்டலாமா? – வாசகர், கோல சிலாங்கூர்

பதில்: உதறும்போது ஓட்டாதீர்கள். நிலையாக எரியும் விளக்கு சில நாள் பொறுக்கும், சிமிட்டும் விளக்கு பொறுக்காது. ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் விடுகிறது, எரியாத பெட்ரோல் புகைக் குழாய்க்குள் போய்க் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிடும். அப்புறம் உண்மையாகவே கன்வெர்ட்டர் வாங்க வேண்டி வரும். மெதுவாக ஓரம் கட்டுங்கள்.

மழையில் மட்டும் வருவதால் ஸ்பார்க் பிளக் குழியில் தண்ணீர் இறங்குகிறதா, பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலின் ரப்பர் உறை வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். எந்த சிலிண்டர் என்பதை ஸ்கேன் எண் சொல்லும்: பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படியே போகும். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள கார் என்றால் செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். பி0301 வந்திருந்தால் முதல் காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றிப் போட்டுக் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள், எண் பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் அங்கேயே நின்றால் பிளக்கையும், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடுகிறது. அது போதாதா? – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: போதாதம்மா. கோளாறு அப்படியே இருக்கும், அதைப் பற்றிக் கம்ப்யூட்டர் குறித்துவைத்தது மட்டும் அழிந்துபோகும். விளக்கு எரிந்த நேரத்தில் வேகம் எவ்வளவு, எஞ்சின் சூடு எவ்வளவு, எத்தனை சுற்று என்பதையெல்லாம் அது பதிந்து வைத்திருக்கும், மெக்கானிக்குக் கிடைக்கிற நல்ல துப்பு அதுதான். உண்மையில் பழுது தீர்ந்துவிட்டால் பெரும்பாலும் மூன்று முறை தொடர்ந்து ஒழுங்காக ஓடியபின் விளக்கு தானே அணையும். சொந்தக் காருக்கு நம் மலேசியாவில் வருடாவருடம் பரிசோதனை கிடையாது, ஆகவே நீங்கள் கவனிக்காவிட்டால் வேறு யாரும் கவனிக்கப் போவதில்லை. அடுத்த முறை ஸ்கேனர் மாட்டும்போது, அழிக்கும் பொத்தானை அவர் அமுக்கும் முன், திரையைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.