'டஸ்' வந்த பிறகு எஸ் எதுக்குங்க? ஆரம்பப் பள்ளி இங்கிலீஷ் கேள்வி பதில்

ஈரோட்டுப் பக்கம் ஆரம்பப் பள்ளியில இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சருங்க நான். இஸ், ஆர், டூ, டஸ், டிட், கேன், வில் மாதிரி துணை வினைகள்ல குழந்தைங்க எங்க தடுமாறுதுன்னு எழுதச் சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலயே பதில் சொல்றேன்.

திருப்பூர், ஒரு அம்மா: ரெண்டாவது படிக்கிற பையன் "டஸ் ஹி ப்ளேஸ்?"னே எழுதறானுங்க டீச்சர். 'ஹி' வந்தா எஸ் போடணும்னு நாந்தான் சொல்லிக்கொடுத்தேன்.

நீங்க சொன்னது சரிதானுங்க, மீதிப் பாதியையும் சொல்லிடுங்க. "ஹி ப்ளேஸ்"ல எஸ் உண்டு. கேள்வி கேட்க 'டூ' உள்ள வந்ததும் அந்த எஸ்ஸை அது வாங்கிக்கும், 'டஸ்' ஆயிடும். 'ப்ளே' வெறுமனே நிக்கும். வாயில விளக்காதீங்க. பழைய காலண்டர் தாளோட பின்பக்கம் "ஹி ப்ளேஸ்"னு பெரிசா எழுதி, எஸ்ஸை மட்டும் கத்தரியில வெட்டி எடுங்க. இன்னொரு துண்டுல 'டூ' எழுதுங்க. கேள்வி கேக்கறப்ப பையனே எஸ் துண்டைத் தூக்கி 'டூ' பக்கத்துல வைக்கட்டும். நடுவுல ஒரு 'ஈ' எழுத்து வரும், அதை நீங்க எழுதிக் குடுங்க. அப்புறம் வீட்ல கண்ணுக்குத் தெரியறதைக் கேளுங்க. "டஸ் தி கவ் ஈட் கிராஸ்? டஸ் அப்பா டிரிங்க் டீ?" கோடிட்ட இடம் நிரப்பற ஒர்க்‌ஷீட்டை அதுவரைக்கும் தொடவே வேண்டாம்.

பொள்ளாச்சி, ஒரு அப்பா: "ஐ டிட் நாட் வென்ட்"னு பொண்ணு சொல்றாளுங்க. நேத்து நடந்ததுக்கு 'வென்ட்'டுன்னுதானே படிச்சேன்னு என்னையே மடக்கறா.

கெட்டிக்காரப் பொண்ணுங்க. அவகிட்ட தமிழ்ல கேளுங்க: "அம்மிணி, நேத்து ஸ்கூலுக்குப் போனயா?" போகலைன்னா "போகல"ம்பா. "போனல"ன்னு எந்தக் குழந்தையும் சொல்லாது. 'போனேன்'ங்கிற சொல்லே முடிஞ்சு போனதுன்னு காட்டுது. 'போகலை'ன்னு சொல்றப்ப அந்த அடையாளம் கழண்டுடுது. வெறும் 'போக'தான் 'இல்லை'யோட சேருது. இங்கிலீஷ்லயும் இல்லைன்னு சொல்றப்ப வினை வெறுமனே நிக்கும், 'டிட் நாட் கோ'. நேத்துங்கிற அடையாளத்தை 'டிட்' எடுத்துக்கும். அவ வாயிலயே இருக்கற தமிழை வெச்சு இதைக் காட்டினா சட்டுனு புரிஞ்சுக்குவா.

ஆனா கேள்வியில இது உதவாதுங்க. நாம "போனயா"ன்னு 'போன'வை அப்படியே வெச்சு, கடைசியில ஒரு 'ஆ' சேர்த்துக்கறோம். அதனால "டிட் யூ வென்ட்?" ரொம்ப நாளைக்கு வாயில நிக்கும். திட்டாதீங்க. "டிட் ஐ கோ? எஸ், ஐ வென்ட்"னு நீங்க சரியாத் திருப்பிச் சொல்லிட்டே இருங்க. டூ இல்லாம வினையை முன்னாடி தூக்கிப் போட்டுக் கேள்வி கேக்கறது 400 வருஷத்துக்கு முந்தி இங்கிலீஷ்லயே சகஜமா இருந்ததுங்க.

காங்கேயம், அரசுப் பள்ளி ஆசிரியை: எண்ணும் எழுத்தும் வகுப்புல ஒரு குழந்தை "மை கிராண்ட்மதர் ஆர் குக்கிங்"னு சொல்லுதுங்க. 'இஸ்', 'ஆர்' தெரிஞ்ச குழந்தைதான்.

இந்தக் கேள்வி வரணும்னு காத்துட்டிருந்தேன். நம்ம பக்கம் அப்பத்தாவை "சமைக்கறா"ன்னு ஒரு குழந்தை சொல்லுமா? "சமைக்கறாங்க"ன்னுதான் சொல்லும். அந்த 'ஆங்க' பலபேருக்கும் வரும், மரியாதைக்கும் வரும். குழந்தை மரியாதையைத்தான் 'ஆர்'னு மாத்தியிருக்கு. "மை டீச்சர் ஆர் கமிங்", "மை மதர் ஹேவ் எ ஸ்கூட்டி" எல்லாம் இதே சங்கதிதான். தப்புன்னு சிவப்பு மையில சுழிச்சீங்கன்னா, அதுக்கு எது தப்புன்னே தெரியாது. "சாமி, இங்கிலீஷ்ல ஒருத்தர்னா இஸ்தான், அப்பத்தாவுக்கும் இஸ், நாய்க்குட்டிக்கும் இஸ். மரியாதை குறையாது"ன்னு சொல்லிக் குடுங்க. வகுப்புல ஒரு ஆளை நிறுத்தி 'இஸ்', ரெண்டு ஆளை நிறுத்தி 'ஆர்'னு தலையை எண்ணச் சொல்லுங்க. அப்புறம் நீங்களே போய் ஒத்தையா நில்லுங்க. அங்கதான் குழந்தைங்க தயங்கும். அந்த இடத்துலதான் பழக்கம் கொடுக்கணும்.

பல்லடம்: "டஸ் ஷி ஈட்ஸ்" சரிங்களா?

இல்லைங்க. திருப்பூர் அம்மாவுக்குச் சொன்னதைப் பாருங்க.

கோபி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்: ஐ, வீ வந்தால் 'ஷல்', மற்றதற்கெல்லாம் 'வில்'. இப்போதைய பிள்ளைகள் "ஐ வில்" என்கிறார்கள். அடிப்படையே போச்சு. இதை நீங்கள் கண்டிக்க வேண்டும்.

கண்டிக்க மாட்டேனுங்க ஐயா. அந்த விதியை எழுதி வெச்சவரு ஜான் வாலிஸ், 1653-ல லத்தீன்ல எழுதின இங்கிலீஷ் இலக்கணத்துல. முடிவிலிக்குப் போடற படுத்த எட்டுக் குறியைக் கொடுத்த கணக்குக்காரரும் அவருதான். அந்த விதிப்படி "ஐ ஷல்"னா சும்மா நடக்கப் போறது, "ஐ வில்"னா உறுதி சொல்றது. இன்னிக்கு இங்கிலாந்துல பேசறவங்களே பெரும்பாலும் "ஐ வில்"தான் சொல்றாங்க. ஆறு வயசுக் குழந்தைக்கு இந்தப் பாரம் எதுக்குங்க?

நாமக்கல், ஒரு அம்மா: ஐயா சொல்றதும் நியாயந்தானுங்க. எம் பொண்ணு ஸ்கூல் நோட்டுல 'ஷல்'னுதான் இருக்கு. மாத்திச் சொன்னா மார்க் போயிருமே?

கோபி, தலைமையாசிரியர்: அப்படியானால் நாங்கள் படித்தது தப்பா?

தப்பில்லைங்க ஐயா. நீங்க படிச்சது எழுத்து இங்கிலீஷுக்கான மரபு, எழுதறவங்க இன்னமும் எழுதலாம். நாமக்கல் அம்மா, பரீட்சையில நோட்டுப்படியே எழுதட்டும். ஆனா 'ஷல்'லை ஒரு இடத்துல வாயாலயே பழக்குங்க, அனுமதியும் யோசனையும் கேக்கற இடத்துல. "ஷல் ஐ ரப் தி போர்டு? ஷல் வீ ப்ளே?" இங்க 'வில்' போட்டா அர்த்தமே மாறும். ஐயா கவலைப்படற 'ஷல்' இந்தக் கேள்விகள்ல நல்லாவே உயிரோட இருக்குதுங்க.

அவிநாசி: ஷல்லா வில்லா, ஒரே வார்த்தையில சொல்லுங்க.

சொல்லியாச்சுங்க.

கரூர்: "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" சரிங்களா?

"ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்." சொந்தமா இருக்கறதுக்கு 'ஹேவிங்' வராது. "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" சரி, அங்க சாப்பிடறது நடந்துட்டிருக்கு.

உடுமலை: மூணரை வயசு ஆகியும் பையன் தமிழ்லயே ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசலைங்க. இங்கிலீஷ் ரைம்ஸ் போட்டா வருமா?

இது எனக்குத் தெரிஞ்ச துறை இல்லைங்க. குழந்தை மருத்துவர்கிட்ட இந்த வாரமே காட்டுங்க, காதையும் சோதிக்கச் சொல்லுங்க. இங்கிலீஷ் அப்புறம் பாத்துக்கலாம்.

சத்தி: "டிட் ஹி ஏட்?" ஏன் தப்பு?

பொள்ளாச்சி அப்பாவுக்குச் சொன்ன பதில்லயே இருக்குதுங்க. பொறுமையா ஒருக்கா படிச்சுப் பாருங்க.

தாராபுரம், ஒரு பாட்டி: பேரனுக்கு நானே சொல்லித் தரலாம்னு இருக்கேன் கண்ணு. எதுல ஆரம்பிக்கறது?

'இஸ்'ல ஆரம்பிங்கம்மா. நாம "அவரு டாக்டரு"ன்னு வினையே இல்லாம முடிச்சுக்கறோம், அதனால குழந்தையும் "ஹி டாக்டர்"னு விட்டுடும். சுத்தி இருக்கறவங்களையும் பொருளையும் காட்டி 'இஸ்' வெச்சே பேசுங்க. அடுத்து 'கேன்'. அதுக்கு எஸ்ஸும் கிடையாது, ஐ, ஹி, தே எதுக்கும் மாறாது. "கேன் யூ ஜம்ப்?"னா குதிச்சுட்டு "எஸ், ஐ கேன்"னு சொல்லட்டும். கேள்வியில துணை வினை முன்னாடி வரும்ங்கிறது அங்கயே பழகிடும். அப்புறம் டூ, டஸ். 'டிட்' கடைசியில. ஒர்க்‌ஷீட் வாங்கிடாதீங்கம்மா.