விடிய விடிய எரியும் மின்குமிழும் குஞ்சின் மூளையும்

கேள்வி: வீட்டுப் பொரிப்பானில் பொரித்த 40 ஊர்க்கோழிக் குஞ்சுகளை 100 வாற் மின்குமிழின் கீழ் வளர்க்கிறேன். இரவிலும் அணைப்பதில்லை. மூன்றாம் கிழமை கரண்ட் போனதும் மூலையில் ஏறி மிதிபட்டு 6 குஞ்சுகள் செத்துவிட்டன. எங்கே பிழை? (கிண்ணியா)

பதில்: அந்தக் குஞ்சுகள் அன்றுதான் முதன்முதலாக இருட்டைக் கண்டன. அந்தக் கலவரத்துக்கு அது ஒரு காரணமாக இருக்கும். ஆனால் கேடு அதற்கு முன்பே தொடங்கியிருக்கும். கோழியின் மூளையிலுள்ள கூம்புச் சுரப்பி மண்டையோட்டினூடாகவே வெளிச்சத்தை உணரும். இருட்டில்தான் மெலற்றோனினை (இரவென்று உடலுக்குச் சொல்லும் ஓமோனை) சுரக்கும். பகலில் கற்றதை இளம் மூளை பதித்துக்கொள்ளத் தூக்கம் உதவும். 24 மணி நேரமும் வெளிச்சத்தில் வளரும் குஞ்சுக்குக் கண்விழி பெருத்து, கருவிழியின் முன்பக்கம் தட்டையாகும். தினமும் ஒரே நேரத்தில் 4 மணி நேர இருட்டுக் கிடைத்தாலே இதைத் தடுக்கலாம்.

குஞ்சுக்கு இரவில் வேண்டியது சூடு. ஆகவே சூட்டையும் வெளிச்சத்தையும் பிரியுங்கள். பீங்கான் ஹோல்டரில் 60 வாற் குமிழைப் பொருத்தி, மண்பானையைக் கவிழ்த்து மூடுங்கள் (பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும்). பானையின் விளிம்பைச் செங்கல்லில் வைத்து, இடைவெளியை மணலால் அடையுங்கள். உமி ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். குஞ்சு சுடுபடாமல் பானையைச் சுற்றி 3 அங்குலம் விட்டுக் கம்பிவலை கட்டுங்கள். முதல் கிழமை குஞ்சின் முதுகு மட்டத்தில் 33 முதல் 35 பாகை செல்சியஸ் வேண்டும். பிறகு கிழமைக்கு 3 பாகை குறையுங்கள். வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் சீக்கிரமே குறைக்கலாம், வாடை மழையில் அவசரம் வேண்டாம். சிவப்புக் குமிழ் இருட்டுக்கு ஈடாகாது.

முதல் 3 நாளும் ஒரு மணி நேரம் இருட்டுப் போதும். நான்காம் நாள் தொட்டு இரவுக்கு ஒரு மணி நேரமாகக் கூட்டி 6 மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். தீன் தின்று முடிந்தபின், தினமும் இரவு 9 மணிக்கே வெளிச்சக் குமிழை அணையுங்கள் (பானைக்குள் இருப்பது எரியட்டும்). பிறகு டோர்ச் அடித்துப் பார்க்காதீர்கள், காதைக் கொடுங்கள்: மெல்லிய முனகலென்றால் சுகம், விடாத கீச்சென்றால் குளிர். அடைப்பை வட்டமாகக் கட்டினால் நெரிபட மூலையே இராது.

பொரிப்பானையும் கவனியுங்கள். கடைசி 3 நாட்களில் கரு, வலக்கண் முட்டையோட்டின் பக்கம் இருக்க, இடக்கண் உடலால் மறைய மடங்கிக் கிடக்கும். அப்போது ஓட்டினூடாகப் படும் வெளிச்சம் மூளையின் இரு பாதிகளுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறது. அப்படிப் பொரித்த குஞ்சு, சிறு கற்களுக்கிடையே தானியத்தைப் பொறுக்கிக்கொண்டே வானத்துப் பருந்தையும் கவனிக்கும். ஆகவே 18ஆம் நாளிலிருந்து பகலில் சில மணி நேரம் பொரிப்பானின் கண்ணாடியால் வெளிச்சம் விழவிட்டு, இரவில் சாக்குப் போட்டு மூடுங்கள். காற்றுத் துளைகள் மட்டும் திறந்திருக்கட்டும்.