கொடித்தோடையும் படாத பாடும்

கேள்வி: எங்கள் கிணற்றடிப் பந்தலில் கொடித்தோடை பூத்திருக்கிறது. மகள் அதை 'ஃபாஷன் ஃப்ரூட்' என்கிறாள். தம்பி, இல்லை 'பாஷன்', காதல் என்று அர்த்தம் என்று சிரிக்கிறான். எது சரி?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: சொல் தம்பி சொன்னதுதான், அர்த்தம்தான் பிழை. பாஷன் என்பதற்கு லத்தீன் வேர் 'பாசியோ', அதாவது துன்பப்படுதல். மடு மாதா கோயிலுக்குப் போய்வருகிற சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை, பெரிய வெள்ளியன்று கோயிலில் வாசிக்கிற இயேசுவின் திருப்பாடுகள் இருக்கிறதே, அதுதான் பாஷன். படாத பாடு பட்டோம் என்கிறோமே, அந்தப் பாடு.

செடியின் ஊர் தென்னமெரிக்கா. அங்கே போன ஸ்பானியப் பாதிரிமார் இந்தப் பூவுக்குள் சிலுவைப்பாட்டையே கண்டார்கள், 1610 வாக்கில் ரோமில் ஜாகோமோ போசியோ என்பவர் அதை எழுதியும் வைத்தார். ஒரு பூவைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள் (ஒரு பழம் போகும், பரவாயில்லை). நடுவில் மேலே நிற்கிற, மகரந்தத்தை வாங்குகிற மூன்று குறிகளும் மூன்று ஆணிகள், கீழே மகரந்தம் தருகிற ஐந்து கேசரங்களும் ஐந்து காயங்கள், சுற்றிவர ஊதா நூல் நூலாக நிற்பது முள்முடி, கொடியின் சுருள்கள் சாட்டை. வெள்ளை இதழ் மாதிரி இருப்பவை பத்து. அவை பத்துச் சீடர்களாம்! காட்டிக்கொடுத்த யூதாசையும், தெரியாது என்று மறுதலித்த இராயப்பரையும் கழித்துக் கணக்கைச் சரிக்கட்டிவிட்டார்கள். 1753இல் செடிகளுக்கு விஞ்ஞானப் பெயர் வைத்த லின்னேயஸ் 'பாசிஃப்ளோரா' (பாடுகளின் பூ) என்றே பெயரை உறுதியாக்கினார்.

இந்தியாவில் இதே இனப் பூவுக்குக் கிருஷ்ண கமலம் என்று பெயர், அங்கே நூல்கள் நூறு கௌரவர், ஐந்து கேசரம் பாண்டவர். எங்கள் ஆட்கள் பூவைப் பார்க்கவேயில்லை போல, கொடியில் காய்க்கிற தோடை, அவ்வளவுதான். சிங்களத்திலும் 'வெல் தொடம்', அதே கதை.

கேள்வி: எங்கள் வளவில் மஞ்சள் பழ இனம். பூக்கிறது, காய்தான் இல்லை. ஏன்?
– வாசகர், மாங்குளம்

பதில்: ஒற்றைக் கொடியா? மஞ்சள் இனம் பெரும்பாலும் தன் மகரந்தத்தில் தானே காய்க்காது, வேறு விதையில் முளைத்த இன்னொரு கொடியும் பக்கத்தில் வேண்டும். பூ மத்தியானத்தோடுதான் விரியும், இருட்டினால் மூடிவிடும், அந்த நேரத்தில் மருந்து அடிக்காதீர்கள், காய் பிடிக்க வைப்பது கருவண்டுதான். அது பட்ட மரத்தைத் துளைத்துக் கூடு வைக்கும், வேலியில் ஓட்டை விழுந்த பழைய கட்டை கிடந்தால் அடுப்புக்குக் கொத்தாமல் விடுங்கள். வண்டே இல்லையென்றால் பின்னேரம் ஒரு கொடியின் மகரந்தத்தை விரலில் தொட்டு மற்றக் கொடிப் பூவின் அந்த 'மூன்று ஆணி'யிலும் தடவிவிடுங்கள்.