கிராபிக்ஸ் கார்டை இப்போதே மாற்றவா, பொறுக்கவா? – கேள்வி பதில்

கணினித் திரையில் படங்களை வரையும் கிராபிக்ஸ் கார்டை மாற்றுவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என்ன கார்டு, என்ன மானிட்டர், என்ன கேம் என்று மூன்றையும் சொல்லிக் கேட்டால்தான் உருப்படியாகப் பதில் சொல்ல முடியும்.

பிரபு: ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி கார்டு. மானிட்டர் 1080பி (திரையின் புள்ளி அளவு). இன்னும் ஒரு வருடம் ஓட்டலாமா அண்ணா?

வாலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக், பழைய கேம்கள் மட்டும்தான் என்றால் தாராளமாக ஓட்டலாம். 2016-இல் வந்த கார்டு இது, இவ்வளவு நாள் உழைத்ததே பெரிய விஷயம்.

புது கேம் ஆட ஆசை இருந்தால் கதை வேறு. இந்தத் தலைமுறை கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தருவதை, அதைத் தயாரித்த என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். அதைவிட முக்கியம், 2024 கடைசியில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும் 2025-இல் வந்த டூம் கேமும் ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரையும் முறை) வசதியுள்ள கார்டைக் கட்டாயமாகக் கேட்கின்றன. செட்டிங்கைக் குறைத்துச் சமாளிக்க வழியே இல்லை. அப்படிப்பட்ட கேம் உங்கள் பட்டியலில் இருந்தால் காத்திருப்பதில் பலன் கிடையாது.

நித்யா: ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ வைத்து 1440பி-யில் ஆடுகிறேன். அடுத்த தலைமுறை வரப்போகிறது, பொறு என்கிறார்கள். பொறுக்கலாமா?

உங்களைப் பொறுக்கச் சொல்வேன், ஆனால் அந்தக் காரணத்துக்காக அல்ல.

அடுத்த தலைமுறை வந்ததும் நம் கைக்கு எட்டும் கார்டு கிடைத்துவிடாது. என்விடியாவின் 40 வரிசை 2022 அக்டோபரில் விலை உயர்ந்த 4090-உடன் தொடங்கியது. விலை குறைந்த 4060 வர 2023 ஜூன் ஆனது. 50 வரிசையில் 5090-உம் 5080-உம் 2025 ஜனவரியில் வந்தன. 5060 வந்தது மே மாதம். வந்த புதிதில் சரக்கு குறைவாக இருக்கும், அறிவித்த விலைக்கும் கிடைக்காது. ஆக, "இதோ வருகிறது" என்ற பேச்சுக்குப் பிறகும் பல மாதங்கள் பிடிக்கும்.

புதுசு வந்தால் பழசு விலை இறங்கும் என்பதையும் நம்பி உட்கார முடியாது. பழையதின் உற்பத்தியை முன்கூட்டியே குறைத்துவிடுவார்கள், இறங்குகிற நேரத்தில் சரக்கே இருக்காது. 2021-இல் கிரிப்டோ நாணயத்துக்காகக் கார்டுகளை ஓட்டும் மைனிங்காலும் சிப் தட்டுப்பாட்டாலும் விலை ஏறிக் கிடந்தது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கார்டு மைனிங்கைக் கைவிட்ட பிறகு பழைய கார்டுகள் சந்தையில் குவிந்தன. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொள்ள, மறுபடி விலை ஏறியது. இதையெல்லாம் முன்பே கணித்து வாங்க யாராலும் ஆகாது. அதிகாரபூர்வமாகத் தேதி அறிவித்து, அது ஓரிரு மாதத்துக்குள் இருந்தால் பொறுங்கள். வதந்திக்காகப் பொறுக்க வேண்டாம்.

உங்களுக்கு ஏன் பொறுக்கச் சொல்கிறேன்? 2025 ஜனவரியில் வந்த புது டிஎல்எஸ்எஸ் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து ஏஐ-யால் பெரிதாக்கும் வசதி) மாடல் 20 வரிசையிலிருந்து எல்லா ஆர்டிஎக்ஸ் கார்டிலும் வேலை செய்கிறது. என்விடியா ஆப்பில் அதைத் தேர்ந்தெடுத்து, "குவாலிட்டி"யில் வைத்து ஆடிப் பாருங்கள். டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படம்) ஒரு படி குறையுங்கள், உங்கள் கார்டில் மெமரி 8 ஜிபிதான். அதற்கு அப்புறமும் திருப்தி இல்லையென்றால் வாங்கலாம்.

அருண்: தடுமாறுவது கார்டா பிராசஸரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பணம் போடுவதற்கு முன் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

கேம் ஓடும்போது திரை ஓரத்தில் ஜிபியு (கார்டின் சிப்) பயன்பாடு தெரியும்படி வையுங்கள். 97, 98 சதவீதத்திலேயே நின்றால் கார்டு முழு மூச்சில் உழைக்கிறது. 60, 70 என்று இருந்தும் எஃப்பிஎஸ் (ஒரு நொடியில் வரும் படங்கள்) விழுந்தால் கார்டு சும்மா இருக்கிறது, பிராசஸரால் வேலை கொடுக்க முடியவில்லை. வி-சிங்க் (திரையின் வேகத்தோடு எஃப்பிஎஸ்-ஐக் கட்டும் வசதி) அல்லது எஃப்பிஎஸ் வரம்பு இருந்தாலும் இந்த எண் குறைவாகத்தான் காட்டும், முதலில் அவற்றை அணையுங்கள். பிராசஸர் 40 சதவீதம்தான் ஓடுகிறது என்றும் ஏமாறாதீர்கள். அது பிராசஸருக்குள் இருக்கும் எல்லா கோர்களின் சராசரி. ஒரு கோர் மட்டும் திணறிக்கொண்டிருக்கலாம்.

இன்னும் எளிய சோதனை: அதே இடத்தில் நின்று ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் எகிறினால் கார்டு மாற்றினால் பலன் உண்டு. அசையவே இல்லையா? புது கார்டு போட்டாலும் அதே எண்தான் வரும். ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் இரண்டாக்கிப் பாருங்கள், பலருக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

முபாரக்: 5060 டிஐ-யில் 8 ஜிபி, 16 ஜிபி இரண்டும் இருக்கின்றன. 8 எடுத்தால் போதுமா?

வேண்டாம் பாய், 16 எடுங்கள். சிப் ஒன்றுதான், ஆனால் கார்டின் மெமரி நிரம்பினால் மிச்சத்தை கணினியின் ரேமிலிருந்து இழுக்க வேண்டும். சராசரி எஃப்பிஎஸ் நன்றாகத்தான் தெரியும். திரும்பும்போது ஒரு வெட்டு, சுவரில் மங்கிய டெக்ஸ்சர் என்று எரிச்சலூட்டும். இந்தக் கார்டு மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ-யில் 8 பாதைகளைத்தான் பயன்படுத்துகிறது. பழைய பிசிஐஇ 3.0 மதர்போர்டில் 8 ஜிபி மாடல் இன்னும் மோசமாகத் திணறும். இப்போது 16-க்குப் பணம் போதாவிட்டால், சேர்த்துவிட்டு வாங்குங்கள். பணம் சேரும்வரை காத்திருக்கச் சொல்வது இந்த ஒரு இடத்தில்தான். ஏஎம்டி-யின் 9060 எக்ஸ்டி-யிலும் இதே இரண்டு வகை உண்டு, பெட்டியில் ஜிபி-யைப் பார்த்து வாங்குங்கள்.

குமரன்: பழைய கார்டு வாங்கலாமா? மைனிங்கில் ஓடியதாக இருந்தால்?

வாங்கலாம். மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம். தேய்வது பெரும்பாலும் ஃபேனும் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடும்தான். விற்பவர் கணினியிலேயே அரை மணி நேரம் கனமான கேமை ஓட்டிப் பாருங்கள். ஃபேன் கரகரத்தாலோ திரையில் புள்ளிகள் வந்தாலோ விட்டுவிடுங்கள். ஜிபியு-இசட் என்ற மென்பொருளில் பெயரையும் பாருங்கள், கார்டின் உள்மென்பொருளான பயாஸை மாற்றி வேறு பெயரில் விற்கும் கார்டுகள் பலவற்றை அது போலி என்றே காட்டிவிடும்.

சதீஷ்: 450 வாட் பவர் சப்ளை. மாற்ற வேண்டுமா?

நல்ல தரமானது என்றால் 115 வாட் எடுக்கும் 4060, 145 வாட் எடுக்கும் 5060 இரண்டுக்கும் போதும். ஹார்டு டிஸ்க்குக்கான சாட்டா கேபிளிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் அடாப்டரை மட்டும் தொடாதீர்கள், கேபிள் உருகிவிடும்.

ரேவதி: மகள் பிளெண்டர் (3டி படம் உருவாக்கும் மென்பொருள்) படிக்கிறாள். 1650 கார்டில் பெரிய சீன் ரெண்டர் ஆகாமல் நின்றுவிடுகிறது. புதுசு வரும்வரை பொறு என்கிறார் கடைக்காரர். என்ன செய்யட்டும் தம்பி?

பொறுக்க வேண்டாம் அக்கா. அதில் மெமரி 4 ஜிபிதான், பெரிய சீன் கொள்ளாது. ரே டிரேசிங் கோர்களும் இல்லாததால் ரெண்டர் மெதுவாகத்தான் போகும். பழையதில் 3060-இன் 12 ஜிபி மாடல், புதியதில் 5060 டிஐ 16 ஜிபி, இரண்டில் கைக்கு அடங்குவதை இந்த மாதமே எடுத்துக் கொடுங்கள். 3060-இல் 8 ஜிபி மாடலும் இருக்கிறது, மாற்றித் தந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1650-க்குப் பெரும்பாலும் தனி பவர் கேபிள் தேவைப்பட்டிருக்காது, இவற்றுக்குத் தேவை. கடைக்குப் போகுமுன் பவர் சப்ளையில் 8 பின் கேபிள் இருக்கிறதா என்று பார்த்து, கேஸின் உள்நீளத்தையும் அளந்துகொண்டு போங்கள்.