பாட்டை எடுத்துவிட்டால் நந்தி எப்படி விலகும்?

கேள்வி: எங்கள் ஊர் நாடகக் குழு நந்தனார் கதையை ஒரு மணி நேர நாடகமாகப் போட இருக்கிறது. பாட்டு வரும்போதெல்லாம் கதை நின்றுவிடுகிறது. அதனால் பாட்டுகளை வசனமாக்கிவிடலாம் என்று நினைக்கிறோம். வேதியர் பாத்திரம் பெரிய புராணத்தில் இல்லையாம். அவரையும் நீக்கிவிடலாமா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள்.

முதலில் வேதியர். சேக்கிழாரிடம் அவர் இல்லை என்பது சரிதான். திருநாளைப்போவார் புராணத்தின் 37 பாட்டிலும் நந்தனுக்குக் குறுக்கே எஜமானர் என்று யாரும் வருவதில்லை. கோயில் பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுக்கும் அந்த ஆதனூர்த் தொண்டரைத் தில்லைக்குப் போகவிடாமல் தடுப்பது அவர் மனத்துக்குள்ளேயே இருக்கிறது. தன் பிறப்பை நினைத்து நின்றுவிடுவார். ஆசை மேலிடும்போது ‘நாளைப் போவேன்’ என்பார். காப்பியத்துக்கு இது போதும், ஏனென்றால் கவிஞரே உள்ளே புகுந்து அந்த மனத்தைச் சொல்லிவிடுவார். மேடையில் அதை யார் சொல்வது? ஒருவர் தனியாக நின்று எவ்வளவு நேரம்தான் தயங்கிக்கொண்டிருக்க முடியும்?

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இந்தக் கதையைக் கீர்த்தனையாகப் பாடியபோதுதான் வேதியர் வந்தார். நிலம் அவருடையது. நந்தன் அவருடைய பண்ணையாள். இனிமேல் தில்லைக்குப் போக வேண்டுமானால் உத்தரவு கேட்க வேண்டும். கேட்டால் திட்டு விழும், திட்டு விழுந்தாலும் மறுபடி போய்க் கேட்க வேண்டும். உனக்கு மார்கழித் திருநாளா என்று நந்தனைச் சாதி சொல்லி இழிவுபடுத்தும் பாட்டு அவர் வாயில்தான் வருகிறது. கேட்கவே கூசும் பாட்டு அது. பிறகு, பயிரை விளைவித்து அறுத்துக் கொடுத்துவிட்டுப் போ என்று ஒரு நிபந்தனை. ஒரே ராத்திரியில் சிவனருளால் வயல் விளைந்து நிற்கிறது. விடிந்ததும் அதைப் பார்த்த வேதியர் நந்தன் காலில் விழுகிறார். முதல் காட்சியில் இருந்தவராகக் கடைசியில் இல்லாத ஆள் இந்தக் கதையில் அவர்தான். நந்தனோ தொடக்கத்திலிருந்தே நந்தன்தான். வேதியரை எடுத்துவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது ஒரு யாத்திரை மட்டும்.

1935இல் இந்தக் கதை சினிமாவானபோது கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். திட்டுவதும் பாட்டில், கெஞ்சுவதும் பாட்டில் என்று இருக்கும் கதைக்கு இரண்டு பக்கமும் பெரிய பாட்டுக்காரர்கள் நின்றது பொருத்தம்தான்.

அப்புறம் பாட்டு. திருப்புன்கூர்க் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நந்தன் வெளியே நிற்கிறார். நடுவில் நந்தி மறைக்கிறது. அப்போது சிவன் நந்தியைப் பார்த்துச் சொல்வதாக வரும் பாட்டு: ‘சற்றே விலகியிரும் பிள்ளாய், சன்னிதானம் மறைக்குதாமே’. அந்த ‘மறைக்குதாமே’யைக் கவனியுங்கள். ‘மறைக்கிறது’ என்று சிவன் தாமாகச் சொல்லவில்லை. ‘மறைக்குதாம்’ என்கிறார், அதாவது வெளியே நிற்கும் ஒருவன் சொன்னது உள்ளே காதில் விழுந்துவிட்டது. நந்தனின் குறை எட்ட வேண்டிய இடத்துக்கு எட்டிவிட்டது என்பதை அந்த ஒரு ‘ஆம்’ சொல்லிவிடுகிறது. ‘பிள்ளாய்’ என்பதால் நந்தியிடம் கோபமும் இல்லை. ‘சற்றே’ போதும், எழுந்து போக வேண்டாம்.

இதை வசனமாக்கினால் மூன்று விநாடியில் முடிந்துவிடும். பாட்டாக இருந்தால் பல்லவி திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் பார்ப்பவர் கண் நந்திக்குப் போகும், இப்போது நகருமா, இப்போதாவது நகருமா என்று. பாட்டு முடியும்போது கல் நந்தி இடம் மாறியிருக்கிறது. கதை எங்கே நின்றது?

உங்கள் விழுப்புரம் பக்கத்துக் கூத்திலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. செஞ்சிப் பக்கம் ஒரு திரௌபதி அம்மன் திருவிழாவில் துரியோதனன் வருகையைப் பார்த்தேன். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மேலே கிரீடத்தின் முனை தெரிகிறது, கீழே சலங்கை கட்டிய கால் தெரிகிறது, முகம் தெரியவில்லை. உள்ளே இருந்து பாட்டு வருகிறது. வருவது யார், எவ்வளவு கர்வத்தோடு வருகிறான் என்பதெல்லாம் அந்தப் பாட்டிலேயே தெரிந்துவிடுகிறது. துணி விலகும்போது, முகத்தையே பார்க்காத அந்த மனிதன்மேல் எனக்குப் பயம் வந்திருந்தது. உடனே கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் முன்னால் வந்து, நீங்கள் யார், எந்த நாடு என்று கேட்கிறான். சிரிப்புக் காட்ட மட்டும் வந்தவன் என்று அவனை நினைக்கிறார்கள். அது தப்பு. பாதி ராத்திரியில் வந்து உட்கார்ந்தவருக்கும் கதை புரிவது அவன் கேட்கும் கேள்வியால்தான்.

பாட்டே கதையைத் திருப்பிவிடும் என்பதற்குச் சிலப்பதிகாரத்தின் கானல்வரி இருக்கிறது. புகார்க் கடற்கரையில் கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான். வேறொருத்தியை நினைத்துப் பாடுகிறான் என்று மாதவி எண்ணுகிறாள், தானும் அப்படியே பாடுகிறாள். அவன் எழுந்து போய்விடுகிறான். கண்ணகியோடு மதுரைக்குப் போவதும் கொலைப்படுவதும் அதற்குப் பிறகு நடப்பவை. யாழிசையை வைத்து ஊழ்வினை வந்தது என்று இளங்கோவே சொல்கிறார்.

கதையை நிறுத்தும் பாட்டுகள் இல்லாமல் இல்லை. கைதட்டலுக்காகத் திரும்பத் திரும்பப் பாடி, இரண்டு பாத்திரங்கள் வாதாடும் தர்க்கத்தை விடிய விடிய இழுக்கும் மேடைகளை நானும் பார்த்திருக்கிறேன். அங்கே உங்கள் எரிச்சல் நியாயம்தான். அதனால் உங்கள் கையெழுத்துப் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் எழுதுங்கள்: யார் யாரிடம் பாடுகிறார், என்ன கேட்கிறார், பாடி முடித்ததும் என்ன மாறியிருக்கிறது. மூன்றாவதற்குப் பதில் எழுத முடியாத பாட்டை எடுத்துவிடுங்கள். வேதியர் திட்டும் பாட்டையும் ‘சற்றே விலகியிரும்’ பாட்டையும், வெளியே நின்று நந்தன் சிவனிடம் அருகே வரலாமா என்று கேட்கும் ‘வருகலாமோ’வையும் தொடாதீர்கள். ஒரு மணி நேரத்தில் அடங்காவிட்டால் ஒன்றேகால் மணி நேரம் போடுங்கள்.

இன்னொன்று. நந்தனாக நடிப்பவருக்குச் சாரீரம் இல்லை என்று ‘வருகலாமோ’வை ஒலிநாடாவில் ஓடவிட்டுவிடாதீர்கள். அது கேள்வியாகவே முடிகிற பாட்டு. சுருதி கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை, வெளியே நிற்கும் அந்த மனிதரின் வாயிலிருந்துதான் அது வர வேண்டும்.