ரோமானியக் காசில் ஏன் பெண்கள்?

அன்புள்ள சார்,

இணையத்தில் ரோமானிய வெள்ளிக்காசுப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பக்கம் பேரரசர் தலை. பின்பக்கம் பெரும்பாலும் ஒரு பெண், கையில் தராசோ படைக்கொடியோ. இவர்கள் தெய்வங்கள் அல்ல, நற்குணங்கள் என்று போட்டிருந்தது. ரோமானியர்கள் பெண்களை அவ்வளவு உயர்வாகவா வைத்திருந்தார்கள்? அந்தக் குணங்கள் பேரரசர்களிடம் இருந்தனவா?

கி.

அன்புள்ள கி.,

அவர்கள் தெய்வங்களும்தான். ஒற்றுமைக்குரிய கொன்கார்டியாவுக்கு ரோமின் நடுச்சதுக்கத்திலேயே கோயில் இருந்தது.

பெண்ணுருவுக்குப் பெரிய காரணம் மரியாதை அல்ல, இலக்கணம். தமிழில் பொறுமை, வீரம், நீதி எல்லாமே அஃறிணை. லத்தீனில் குணப்பெயர்களுக்கும் பால் உண்டு, பெரும்பாலும் பெண்பால். அச்சு வெட்டியவர்கள் சொல்லின் பாலையே பின்பற்றினார்கள். வேடிக்கை 'விர்த்துஸ்' விஷயத்தில்தான். 'விர்' என்றால் ஆண். அதிலிருந்து வந்த விர்த்துஸுக்கு ஆண்மை, வீரம் என்று பொருள். ஆனால் சொல் பெண்பால்! ஆகவே காசில் ஆண்மை, தலைக்கவசமும் ஈட்டியுமாக ஒரு பெண்ணாக நிற்கிறது. 'ஹோனோஸ்', அதாவது மதிப்பு, ஆண்பால். அது இளைஞனாக வரும். கி.மு. 70-இல் வெளியான ஒரு தெனாரியஸில், அதாவது ரோமானிய வெள்ளிக்காசில், இந்த இரண்டு தலைகளும் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் இருக்கின்றன.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பேரரசர் செப்டிமியஸ் செவரஸின் காசில் தராசு பிடித்த 'ஐக்விதாஸ்' உண்டு; நேர்மை. தெனாரியஸில் வெள்ளியை ஏறக்குறையப் பாதிக்குக் கொண்டுவந்தவரும் அவரேதான். நமக்குக் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்று ஒரே சொல். திட்டுவதற்கு ரோமானியனுக்கு அந்த வசதி இல்லை.

எனக்குப் பிடித்தது கி.பி. 238-இன் காசு. செனட் அந்த ஆண்டு பல்பினஸ், புப்பியனஸ் என்ற இருவரைச் சேர்த்துப் பேரரசர்களாக்கியது. அவர்கள் வெளியிட்ட சில காசுகளில் பெண்ணே இல்லை. கோத்த இரண்டு கைகள் மட்டும். சுற்றிலும் 'பேரரசர்களின் பரஸ்பர அன்பு' என்று எழுத்து. இன்னொன்றில் 'பரஸ்பர நம்பிக்கை'. ஆட்சி சுமார் மூன்று மாதம் ஓடியது. காவல்படை கொல்ல வந்தபோது, ஜெர்மானிய வீரர்களை உதவிக்குக் கூப்பிடலாம் என்றார் புப்பியனஸ். தன்னைத் தீர்த்துக்கட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து பல்பினஸ் மறுத்துவிட்டார் என்று எழுதுகிறார், அக்காலத்தவரான ஹெரோடியன். வாக்குவாதம் முடிவதற்குள் படை உள்ளே வந்துவிட்டது.