அழியாத கடைசிப் பாட்டு

கேள்வி: டிசம்பரில் கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர் என் வீட்டில் கூடுகிறோம். கல்லூரி நாட்களில் எங்களுக்கு ஆர்.ஈ.எம். என்ற அமெரிக்க ராக் குழு என்றால் உயிர். ‘கிரீன்’, ‘மான்ஸ்டர்’ இரண்டும் ஒரிஜினல் கேசட்டாக இருக்கின்றன. ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து வாங்கிய சி-90 ஒன்றில் ஒரு பக்கம் ‘அவுட் ஆஃப் டைம்’, மறுபக்கம் ‘ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்’. அதில் கடைசிப் பாட்டு அழிந்துவிட்டது. ‘கிரீன்’ கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை. ‘மான்ஸ்டர்’ போனில் கேட்பதுபோல் இல்லை. ஹாஸ்டலில் நாங்களே கிதாரோடு பாடிப் பதிந்த சி-60 ஒன்றும் உண்டு. எதைப் போட்டாலும் சத்தம் மந்தமாக வருகிறது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடலாமா?
– வாசகர், நங்கநல்லூர்

பதில்: சி-90-இல் எதுவும் அழியவில்லை. ‘ஆட்டோமேட்டிக்’ ஆல்பத்தின் நீளம் கிட்டத்தட்ட 49 நிமிடம். சி-90-இன் ஒரு பக்கம் 45 நிமிடம்தான். முதல் 11 பாட்டும் சேர்ந்தே 45 நிமிடம் ஆகிவிடும். 12-ஆவதான ‘ஃபைண்ட் த ரிவர்’ பதிவாக இடமே இருந்திருக்காது. 44 நிமிடச் சொச்சம் ஓடும் ‘அவுட் ஆஃப் டைம்’ மறுபக்கத்தில் கச்சிதமாக அடங்கிவிட்டது.

‘மான்ஸ்டர்’ விஷயத்திலும் கேசட் மேல் பழி வேண்டாம். 1994-இல் வந்த அந்த ஆல்பத்தை, 25-ஆம் ஆண்டையொட்டி 2019-இல் அதன் தயாரிப்பாளர் ஸ்காட் லிட் புதிதாக ரீமிக்ஸ் செய்தார். பழையதில் கிதார் இரைச்சலுக்குள் புதைந்திருந்த பாடகர் மைக்கேல் ஸ்டைப்பின் குரல் இதில் முன்னுக்கு வந்துவிட்டது. சில இடங்களில், அன்று வேறொரு முறை பாடிப் பதிந்திருந்த டேக்கையே எடுத்துப் போட்டிருக்கிறார். போனில் உங்களுக்கு அகப்பட்டது பெரும்பாலும் இதுதான். ரீமிக்ஸ் என்று குறிப்பிடாத பதிப்பைத் தேடிப் போடுங்கள். (எது உசத்தி என்ற சண்டையை நண்பர்கள் வந்தபின் வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஓட்டு 1994-க்கே.)

ஆக, ஆல்பங்கள் எதையும் மாற்ற வேண்டாம். குழு 2011-இல் கலைந்துவிட்டாலும் அதன் ஆல்பங்கள் அத்தனையும் உங்கள் கேசட்டைவிடத் தெளிவாக ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கின்றன. மெனக்கெட வேண்டியது ஹாஸ்டல் சி-60-க்கு மட்டும். உலகத்தில் அதற்கு வேறு பிரதி கிடையாது.

அதை டெக்கில் போடும் முன்பே, கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அழியாது. பூஞ்சை பிடித்த ‘கிரீன்’ அந்த டெக் பக்கமே வரக்கூடாது. டேப்பைப் படிக்கும் ஹெட்டிலும் அதை இழுக்கும் ரப்பர் ரோலரிலும் பூஞ்சை ஒட்டி அடுத்த கேசட்டுக்குத் தாவும். அதைத் தனியாக ஒரு ஜிப் கவரில், சிலிக்கா ஜெல்லோடு போட்டு வையுங்கள். வெயிலில் காயவைத்தால் ஓடு வளைந்துவிடும்.

எந்தக் கேசட்டைப் போட்டாலும் மந்தமாக ஒலித்தால் கோளாறு டெக்கில்தான். ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கேட்டு வாங்குங்கள். மருந்துக்கடை 70 சதவீதத்தில் மீதி தண்ணீர். காது குடையும் பஞ்சுக்குச்சியை அதில் நனைத்து ஹெட்டையும், பக்கத்தில் சுழலும் இரும்புக் கம்பியான கேப்ஸ்டனையும், பழுப்புக்கறை வருவது நிற்கும்வரை துடையுங்கள். ரப்பர் ரோலருக்கு ஈரத்துணியில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் போதும். ஆல்கஹால் அடிக்கடி பட்டால் ரப்பர் இறுகி, டேப்பைக் கடித்துச் சுருட்டும். டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பட்டனையும் பாருங்கள். டால்பி இல்லாமல் பதிந்த கேசட்டை டால்பி போட்டுக் கேட்டால் ஜால்ரா சத்தமெல்லாம் அமுங்கிப்போகும். உங்கள் ஹாஸ்டல் பதிவு டூ-இன்-ஒன்னில் செய்ததாக இருந்தால் அணைத்தே வையுங்கள்.

அதற்குப் பிறகும் அந்த ஒரு கேசட் மட்டும் மந்தமாக இருந்தால், பதிந்த மெஷினின் ஹெட் சாய்வும் உங்கள் டெக்கின் சாய்வும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். ஹெட்டின் ஒரு பக்கம் ஸ்பிரிங் வைத்த சின்ன ஸ்க்ரூ இருக்கும். முதலில் அதன் இப்போதைய நிலையை நெயில் பாலிஷால் குறியிட்டுக்கொள்ளுங்கள். கேசட் ஓட ஓட, கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்பி, கிதார் கம்பியின் கீச்சு எங்கே அதிகம் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் பழைய குறிக்கே திருப்பிவிடுங்கள்.

வேகமும் சரியாக இருக்கவேண்டும். ‘மான்ஸ்டர்’ கேசட்டையும் அதே பழைய பதிப்பைப் போனிலும் ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். 4 நிமிடத்தில் கேசட் இரண்டரை வினாடி பின்தங்கினால் வேகம் சுமார் 1 சதவீதம் குறைவு. சி-90-ஐயும் வைத்து ஒருமுறை பாருங்கள், தவறு கேசட்டிலேயே இருக்கலாம். இரண்டிலும் பின்தங்கினால் டெக்கின் பெல்ட் தளர்ந்திருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பழைய பெல்ட் தார்போல உருகிக் கிடந்தால் அந்தப் பிசுக்கைச் சுத்தமாக எடுத்தபின்பே புதியதை மாட்டச் சொல்லுங்கள்.

கேசட் கீச்சிட்டாலோ இறுகி ஓடினாலோ, பதிவதற்கு முன் ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். உள்ளே சின்ன ஃபெல்ட் பட்டை விழுந்திருந்தால் சத்தம் விட்டுவிட்டு வரும். ஐந்து ஸ்க்ரூ உள்ள ஒரு பழைய கேசட்டின் ஓட்டைத் திறந்து, உங்கள் டேப்பை அதற்குள் மாற்றி வைக்கலாம்.

லேப்டாப்பின் மைக் ஓட்டையில் நேரடியாகச் சொருகவேண்டாம். அது பெரும்பாலும் மோனோ, கூடவே சத்தத்தை அளவுக்கு மீறிப் பெருக்கிக் கரகரக்க வைக்கும். லைன்-இன் உள்ள யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கி, டெக்கின் லைன்-அவுட்டை அதில் கொடுங்கள். யூ.எஸ்.பி. வைத்த மலிவு வாக்மேன்களை நம்பாதீர்கள், அவற்றின் மோட்டார் சீராக ஓடாது. ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் போதும். உச்ச சத்தம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவு வையுங்கள். ஒரு பக்கத்தை நிறுத்தாமல் முழுசாகப் பதிந்து, வெட்டுவதைப் பிறகு செய்யுங்கள். சி-60 முழுவதும் வேவ் கோப்பாகச் சுமார் 600 எம்.பி. வரும். மோனோவில் பதிந்த கேசட் என்றால் இடது, வலது இரண்டையும் கேட்டு, தெளிவான பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் நீக்கும் வசதியைத் தொட்டால் மிக லேசாக. கூட்டினால் குரலெல்லாம் தண்ணீருக்கடியில் பேசுவதுபோல் ஆகிவிடும். தொடாத மூலக்கோப்பு இரண்டு இடங்களில் இருக்கட்டும்.

அன்று மாலைக்கு ‘அவுட் ஆஃப் டைம்’, ‘ஆட்டோமேட்டிக்’ இரண்டும் சேர்ந்தே 93 நிமிடம், மூன்றாவது ஆல்பம் வேண்டாம். போனில் வரிசையைக் கலைக்கும் ஷஃபிள், பாட்டோடு பாட்டைக் கலக்கும் கிராஸ்ஃபேட் இரண்டையும் அணையுங்கள். ‘ஆட்டோமேட்டிக்’கில் ஆறாவது பாட்டு முடிந்ததும் நிறுத்துங்கள். கேசட்டிலும் எல்.பி.யிலும் அங்கேதான் பக்கம் திரும்பும். காபியை அப்போது கொடுங்கள். கடைசிப் பாட்டு ஓடும்போது கொடுக்காதீர்கள். அந்த சி-90 மட்டுமே கேட்டு வளர்ந்தவர் யாராவது இருந்தால், அந்தப் பாட்டை அன்றுதான் முதன்முறையாகக் கேட்பார்.